பத்திரிகைகளில் கிராமமும் நகரமும்

காலை வேளையில் நம் ஊராட்சிகளில் ஏதேனும் ஒன்றின் தேநீர்க் கடைக்குச் சென்று பார்த்தால், ஒரே செய்தித்தாள் தாள் தாளாகப் பிரிந்து நான்கு பேர் கைகளில் இருப்பதைக் காணலாம். ஒருவர் உரக்கப் படிப்பார். மற்றவர்கள் கேட்டுக் கருத்துரைப்பார்கள். தலைநகரத்தில் எந்தச் சாலையில் மழைநீர் தேங்கிற்று, எந்த மேம்பாலப் பணி தாமதமாகிறது, எந்தப் பேட்டையில் குப்பை அள்ளப்படவில்லை என்பனவெல்லாம் அங்கே அமர்ந்திருக்கும் உழவருக்குத் தெரியும். ஆனால், அவர் அமர்ந்திருக்கும் பலகையிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஏரி மதகு உடைந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருக்கும். அச்செய்தி அத்தாளில் ஒரு நாளும் வந்திராது. வரவில்லையே என்று அவரும் வியப்படைவதில்லை. நகரத்தின் குறை நாட்டின் குறை என்றும், கிராமத்தின் குறை அவ்வூரின் தலைவிதி என்றும் எண்ணும் பழக்கம் நம் எல்லோரிடமும் ஊறிவிட்டது. இப்பழக்கம் எவ்வாறு ஏற்பட்டது, இதனால் நேரும் கேடு யாது, இதை மாற்ற ஊராட்சி மன்ற உறுப்பினர்களும் உழவர் பெருமக்களும் செய்யத்தக்கது யாது என்பவற்றை இங்கே ஆராய்வோம்.

பத்திரிகைகளைப் பழிப்பது நம் நோக்கமன்று. அவை இல்லாவிடில் நம் குறைகள் இப்போது வெளிவரும் அளவுகூட வெளிவரமாட்டா. ஆனால், ஒரு கருவியைப் பயன்படுத்த வேண்டுமாயின் அதன் இயல்பை முதலில் அறிந்துகொள்ள வேண்டும் அன்றோ?

எழுதுகோலால் ஒரு கணக்கு

2011ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கின்படி இந்தியாவின் 121 கோடி மக்களுள் ஏறத்தாழ 83 கோடிப் பேர் கிராமங்களில் வாழ்ந்தனர். நகரங்கள் மிகுந்த மாநிலம் எனப் பெயர் பெற்ற தமிழ்நாட்டிலும், 7 கோடியே 21 லட்சம் மக்களுள் 3 கோடியே 72 லட்சம் பேர், அதாவது நூற்றுக்கு 51 பேருக்குச் சற்று மேல், கிராமவாசிகளே. இத்தொகைக்கு ஏற்ற இடம் செய்தித்தாளில் கிராமத்துக்குக் கிடைக்கிறதா என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. வாசகர்களே கணக்கிட்டு அறியலாம். ஊர் நூலகத்தில் ஒரு வாரத்துச் செய்தித்தாள்களை எடுத்துக்கொள்க. நகரத்து வாழ்க்கைப் பிரச்சினைகளைப் பற்றிய செய்திகளைச் சிவப்பு எழுதுகோலாலும், கிராமத்துச் செய்திகளைப் பச்சை எழுதுகோலாலும் கோடிடுக. பின்னர்ப் பச்சைக் கோடிட்டவற்றிலிருந்து கொலை, விபத்து, திருவிழா, கட்டடத் திறப்பு விழா ஆகியவற்றை நீக்குக. எஞ்சியிருப்பதுதான் கிராமப் பிரச்சினைகளுக்குக் கிடைத்த இடம்.

இடத்தின் அளவைக் காட்டிலும் முக்கியமானது செய்தி சொல்லப்படும் விதம். நகரத்தில் குடிநீர் வரவில்லையெனில், எத்தனை நாளாக வரவில்லை, எந்த நீரேற்று நிலையத்தில் பழுது, குடியிருப்போர் சங்கத்தார் கூறுவது யாது, பொறியாளரின் மறுமொழி யாது, வல்லுநரின் கருத்து யாது என்று செய்தி விரியும். கிராமத்தில் குடிநீர் வரவில்லையெனில் செய்தியின் வடிவம் நம் எல்லோருக்கும் மனப்பாடம். பெண்கள் காலிக் குடங்களுடன் சாலை மறியலில் ஈடுபட்டனர். அதிகாரிகள் வந்து பேச்சுவார்த்தை நடத்தினர். அதனைத் தொடர்ந்து அவர்கள் கலைந்து சென்றனர். இதனால் அப்பகுதியில் அரை மணி நேரம் போக்குவரத்துப் பாதிக்கப்பட்டது. அத்துடன் முற்றும்.

இந்த நான்கு வாக்கியங்களையும் சற்று ஊன்றிப் பார்க்க வேண்டும். தண்ணீர் ஏன் வரவில்லை என்பது அவற்றில் இல்லை. எத்தனை நாளாக வரவில்லை என்பதும் இல்லை. பேச்சுவார்த்தையில் அளித்த வாக்குறுதி நிறைவேறிற்றா என்பது மறுநாளும் வருவதில்லை. இருபது நாள் தாகத்துக்கு அளவு குறிக்கப்படவில்லை. பேருந்து அரை மணி நேரம் நின்றதற்கு அளவு குறிக்கப்பட்டிருக்கிறது. சாலையோரத்தில் நின்ற பெண்ணின் கண் வழியே எழுதாமல், சாலையில் சென்ற பயணியின் கண் வழியே எழுதப்பட்ட செய்தி இது.

இரண்டு வறட்சிகள்

அண்மைக் காலத்து நிகழ்ச்சிகள் இரண்டை எடுத்துக்கொள்வோம். 2019ஆம் ஆண்டுக் கோடையில் சென்னைக்கு நீர் வழங்கும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டன. உலகப் பத்திரிகைகளெல்லாம் அதனை எழுதின. வெடித்துக் கிடந்த ஏரித் தரையின் படங்கள் கடல் கடந்த நாடுகளிலும் வெளிவந்தன. அவ்வாண்டு ஜூலை 12ஆம் நாள் ஜோலார்பேட்டையிலிருந்து 50 பெட்டிகளில் 25 லட்சம் லிட்டர் நீருடன் முதல் ரயில் சென்னை வந்து சேர்ந்தது. மாநகர மக்களின் தாகம் உண்மையானது. அதற்கு விரைந்து தீர்வு கண்டதும் முறையானதே.

ஆயினும் அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன் நேர்ந்தது யாது? தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை சராசரியாக 44 செ.மீ. பெய்ய வேண்டும். 2016ஆம் ஆண்டில் பெய்தது 17 செ.மீ. அளவே. ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் கண்டிராத பற்றாக்குறை அது. 2017 ஜனவரி 10ஆம் நாள் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. டெல்டாவில் பயிர் கருகிற்று. மற்ற இடங்களில் கிணறுகள் வற்றின. கால்நடைகள் பாதி விலைக்கு விற்கப்பட்டன. அவ்வாண்டு மார்ச் மாதம் நம் உழவர்கள் சிலர் தில்லிக்குச் சென்று ஜந்தர் மந்தரில் அமர்ந்தனர். 41 நாள் நீடித்த அப்போராட்டம் நாடெங்கும் செய்தியாயிற்று. எதனால்? அவர்கள் மண்டையோடுகளைக் கையில் ஏந்தினர். எலிகளை வாயில் கவ்வினர். அப்படங்கள் வெளிவந்தன. பருவமழை எவ்வளவு குறைந்தது, பயிர்க் காப்பீட்டுத் தொகை எவ்வளவு நிலுவையில் நின்றது, கூட்டுறவுக் கடன் எத்தனை பேரைக் கட்டியிருந்தது என்னும் கேள்விகள் படத்தின் கீழே ஒதுங்கின.

நகரத்தின் தாகம் தான் இருந்த இடத்திலேயே செய்தியாயிற்று. கிராமத்தின் தாகம் செய்தியாக வேண்டுமாயின் தலைநகருக்கு நடக்க வேண்டியிருந்தது. நடந்த பின்பும் வேடிக்கைக் கோலம் பூண வேண்டியிருந்தது. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பர். ஆனால், தொட்டில் நடுக்கூடத்தில் இருக்கும் பிள்ளையின் அழுகையும், தோட்டத்து மரத்தில் ஏணை கட்டியிருக்கும் பிள்ளையின் அழுகையும் தாயின் காதில் ஒரே அளவாக விழுமா?

1943 புகட்டும் பாடம்

செய்தியில் இடம் பெறாமை வெறும் மனக்குறை அன்று. அது உயிரைப் பறிக்கவும் கூடும். இதற்குச் சான்று 1943ஆம் ஆண்டு வங்காளப் பஞ்சம். போர்க்காலம் அது. அரிசி விலை ஏறிற்று, கூலி ஏறவில்லை. நிலமற்ற கூலிகளும், மீனவர்களும், கைவினைஞர்களும் தத்தம் கிராமங்களிலேயே பட்டினியால் மடியத் தொடங்கினர். மாதக்கணக்கில் இஃது உலகுக்குத் தெரியவில்லை. உயிர் எஞ்சியவர்கள் கஞ்சி தேடிக் கல்கத்தா நகரத்துக்கு நடந்தார்கள். நகரத்து நடைபாதைகளில் விழுந்தார்கள். அப்போதுதான் அது கண்ணுக்குத் தெரிந்தது. ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழின் ஆசிரியர் அயன் ஸ்டீபன்ஸ், அந்நடைபாதைக் காட்சிகளின் புகைப்படங்களை 1943 ஆகஸ்டு 22ஆம் நாள் துணிந்து வெளியிட்டார். தொடர்ந்து தலையங்கங்கள் எழுதினார். தில்லியும் லண்டனும் அதன் பின்னரே அசைந்தன. அக்டோபரில் புதிய வைசிராயாகப் பொறுப்பேற்ற வேவல் பிரபு கல்கத்தா சென்று பார்த்து, உணவு வழங்கும் பணியில் இராணுவத்தை ஈடுபடுத்தினார். அதற்குள் எத்தனையோ லட்சம் பேர் மாண்டுவிட்டனர். அரசாங்க விசாரணைக் குழு 15 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பிட்டது. பிற்கால ஆராய்ச்சியாளர் பலர் ஏறத்தாழ 30 லட்சம் என்கின்றனர்.

ஒரு பத்திரிகையின் துணிவு எத்தனையோ உயிர்களைக் காத்தது, அதனை மறக்கலாகாது. ஆனால், அப்புகைப்படங்கள் எடுக்கப்பட்ட இடம் கல்கத்தாவின் தெரு என்பதையும் மறக்கலாகாது. கிராமத்துக் குடிசையில் நேர்ந்த சாவு செய்தியாகவில்லை. கிராமத்தார் நகரத்தில் வந்து மாண்ட பின்னரே செய்தியாயிற்று. அந்த மாதங்களின் தாமதத்துக்கு விலையாகப் போனவை உயிர்கள்.

1998ஆம் ஆண்டு பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற அமர்த்தியா சென் இப்பஞ்சத்தை ஆழ்ந்து ஆராய்ந்தவர். மக்களாட்சியும் பத்திரிகைச் சுதந்திரமும் உள்ள நாட்டில் பெரும்பஞ்சம் ஏற்படுவதில்லை என்பது அவர் முடிபு. ஆட்சியாளருக்குப் பத்திரிகை முன்னெச்சரிக்கை மணியாகிறது என்பது அவர் கூறும் காரணம். ஆனால், அவரே மற்றொன்றையும் சுட்டிக்காட்டினார். திடீரென வரும் பஞ்சத்தை எழுப்பிக் காட்டும் பத்திரிகை, நாள்தோறும் அரைவயிற்றுடன் உறங்கும் நீடித்த பசியை அவ்வளவாக எழுப்பிக் காட்டுவதில்லை என்றார். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வில், வயதுக்கேற்ற உயரமில்லாத ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் இந்திய நகரங்களில் நூற்றுக்கு 30 பேர் என்றும், கிராமங்களில் 37 பேர் என்றும் தெரியவந்தது. இது எந்த ஒரு நாளிலும் நிகழ்வதன்று. ஆகவே எந்த ஒரு நாளின் செய்தியும் அன்று. கிராமப் பிரச்சினைகளுள் பெரும்பாலானவை இவ்வினத்தைச் சேர்ந்தவையே.

காரணங்கள் யாவை?

முதற்காரணம், செய்தியாளர் இருக்கும் இடம். ஆசிரியர் குழு மாநகரத்தில் இருக்கிறது. நிருபர் மாவட்டத் தலைநகரில் இருக்கிறார். அவருக்குக் கீழே வட்டத்துக்கு ஒருவர், பெரும்பாலும் பகுதி நேரப் பணியாளர், ஐம்பது அறுபது ஊர்களைப் பார்க்க வேண்டியிருக்கிறது. அவர் தம் செலவில் இருபது கல் சென்று ஏரியைப் பார்த்து வருவதைவிட, வட்டாட்சியர் அலுவலக வாசலில் நடைபெறும் ஆர்ப்பாட்டத்தை எழுதுவது எளிது. எனவேதான் ஊரின் குறை ஊரில் செய்தியாகாமல் அலுவலக வாசலில் செய்தியாகிறது.

இரண்டாவது, பணம். செய்தித்தாளை நாம் கொடுக்கும் விலை மட்டும் நடத்துவதில்லை. விளம்பரமே பெரும்பாலும் நடத்துகிறது. விளம்பரம் தருவோர் அதிகம் வாங்கும் வாசகரைத் தேடுகின்றனர். அவ்வாசகர் நகரத்தில் இருப்பதாக எண்ணுகின்றனர்.

மூன்றாவது, நிகழ்ச்சிக்கும் நிலைமைக்கும் உள்ள வேற்றுமை. 2018 நவம்பர் 16ஆம் நாள் விடியற்காலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளில் தென்னந்தோப்புகள் வேரோடு வீழ்ந்தன. புயல் செய்தியாயிற்று. சில வாரங்களில் செய்தி ஓய்ந்தது. ஆனால், நெட்டைத் தென்னங்கன்று ஊன்றிக் காய் பறிக்க ஆறு ஏழு ஆண்டுகள் ஆகும். வருமானமற்ற அந்த ஆண்டுகளைத் தோப்புக்காரர் எவ்வாறு கழித்தார், கீற்று முடைந்தும் கயிறு திரித்தும் பிழைத்த குடும்பங்கள் எங்கே சென்றன என்பவை செய்திகள் அல்ல, அவை நிலைமைகள். செய்தித்தாள் நிகழ்ச்சிகளின் கணக்கேடு. கிராமத்தின் துன்பமோ பெரும்பாலும் நிலைமையாகவே இருக்கிறது. நிலத்தடி நீர் ஆண்டுக்கு மூன்றடி இறங்குவதற்கும், மண் உவராவதற்கும், ஊர்ப் பள்ளியில் பிள்ளைகள் குறைவதற்கும் தேதி கிடையாது.

நான்காவது காரணம் பலர் கவனியாதது. கடந்த சில பத்தாண்டுகளில் நாளிதழ்கள் பல நகரங்களில் பதிப்புத் தொடங்கி, மாவட்டத்துக்கு மாவட்டம் தனிப் பக்கங்கள் வெளியிடுகின்றன. இதனால் சிற்றூர்ச் செய்திகளுக்கு முன்பு இல்லாத இடம் கிடைத்திருக்கிறது, இது நன்மையே. ஆனால், இராமநாதபுரத்துக் கண்மாயைப் பற்றிய செய்தி இராமநாதபுரத்துப் பக்கத்தில் மட்டும் வருகிறது. அங்குள்ளோர் தமக்குத் தெரிந்ததையே அச்சில் படிக்கின்றனர். சென்னையில் இருப்பவர் அதனைக் காண்பதில்லை. சென்னைச் சாலையில் விழுந்த பள்ளமோ எல்லாப் பதிப்பிலும் வருகிறது. ஆக, கிராமத்துக்குக் கதவு திறந்தது உண்மை. ஆனால், அக்கதவு அடுத்த அறைக்குச் செல்கிறதேயன்றிக் கூடத்துக்குச் செல்லவில்லை.

நம் அலுவலகத்தின் குறை

பத்திரிகைகளின் இயல்பைக் கூறிய நாம் நம் பங்கை மறைப்பது நேர்மையாகாது. சில ஆண்டுகளுக்கு முன் நாம் பணியாற்றிய ஒரு வட்டாரத்தில், கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் கடைமடையில் ஒரு சிற்றூர் இருந்தது. எட்டு நாளுக்கு ஒரு முறை தண்ணீர் வந்தது. பின்னர் பன்னிரண்டு நாளாயிற்று. அவ்வூரார் நம் அலுவலகத்துக்கு மூன்று மனுக்கள் கொடுத்தனர். மூன்றுக்கும் ஒப்புகை அளிக்கப்பட்டது. மூன்றும் உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டன. கோப்பிலே குறை ஒன்றும் இல்லை. ஒரு நாள் அவ்வூர்ப் பெண்கள் நெடுஞ்சாலையில் குடங்களுடன் அமர்ந்தனர். மறுநாள் செய்தித்தாளில் படத்துடன் எட்டு வரிகள் வந்தன. காலை ஒன்பது மணிக்குள் மேலிடத்திலிருந்து இரு முறை தொலைபேசி அழைப்பு வந்தது. மாலைக்குள் லாரியில் தண்ணீர் சென்றது. மூன்றாம் நாள், குழாய்ப் பாதையில் பழுதடைந்திருந்த ஒரு வால்வு மாற்றப்பட்டுத் தண்ணீர் ஒழுங்காக வரலாயிற்று.

நாம் பார்வையிடச் சென்றபோது ஒரு மூதாட்டி நம்மை நோக்கி, “ஐயா, ரோட்டுல உக்காந்தாத்தான் கொழாயில தண்ணி வருமா?” என்று கேட்டார். நம்மிடம் விடை இல்லை. முதல் மனு வந்த அன்றும் பழுதாகியிருந்தது அதே வால்வுதான். மாற்றுவதற்கு ஆன செலவும் அதேதான். இடையில் கழிந்த நான்கு மாதம் மட்டுமே வேறு. மனுவுக்கு அசையாத அலுவலகம் செய்தித்துணுக்குக்கு அசையுமாயின், மக்களுக்குச் சாலையில் அமரக் கற்பித்தவர்கள் நாமே அன்றோ? அன்று முதல், ஒரே பொருள் குறித்து இரண்டாம் மனு வந்தால் அதனைச் செய்தித்தாளில் வந்ததாகவே கொண்டு நேரில் பார்ப்பது என்று நம் அலுவலகத்தில் முறை வகுத்துக்கொண்டோம். எல்லா மனுவிலும் அதனைக் காக்க முடிந்தது என்று கூறமாட்டோம். ஆனால், முறை என ஒன்று இருப்பதே சில ஊர்களுக்கு உதவிற்று.

கிராமம் எழுதப்பட்டபோது

கிராமப் பிரச்சினை ஒழுங்காக எழுதப்பட்டால் என்ன நிகழும் என்பதற்கும் சான்றுகள் உண்டு. 1990ஆம் ஆண்டை ஒட்டி ஆந்திரத்தின் நெல்லூர் மாவட்டத்தில் அறிவொளி வகுப்புகள் நடைபெற்றன. துபகுண்டா என்னும் சிற்றூரின் பெண்கள் எழுதப் படிக்கக் கற்றதோடு, தம் வீட்டு வருமானத்தைச் சாராயம் விழுங்குவதைப் பற்றியும் அவ்வகுப்புகளிலே பேசினர்; பின்னர் ஊரில் சாராயம் விற்க விடாமல் தடுத்தனர். 1992இல் இவ்வியக்கம் ஊர் ஊராகப் பரவிற்று. மாவட்டப் பக்கங்களை ஏற்கெனவே தொடங்கியிருந்த ‘ஈநாடு’ நாளிதழ் இதற்கெனத் தனி இடம் ஒதுக்கி நாள்தோறும் எழுதிற்று. மாவட்டச் செய்தி மாநிலச் செய்தியாயிற்று. 1993 அக்டோபர் 1 முதல் ஆந்திரம் முழுவதும் சாராயம் தடை செய்யப்பட்டது. கவனிக்க வேண்டியது யாதெனில், முதலில் எழுந்தவர்கள் ஊர்ப் பெண்களே. பத்திரிகை பின்னர் வந்தது. ஆயினும் அது வந்திராவிடில் ஓர் ஊரின் செய்தி ஓர் ஊரோடு நின்றிருக்கும்.

1993ஆம் ஆண்டில் பத்திரிகையாளர் பி. சாய்நாத் நாட்டின் மிக வறிய மாவட்டங்கள் சிலவற்றில் மாதக்கணக்கில் தங்கி எழுதினார். அவற்றுள் நம் இராமநாதபுரமும் புதுக்கோட்டையும் அடங்கும். நிகழ்ச்சியைத் தேடாமல் நிலைமையை எழுதியது அவர் சிறப்பு. ஊரார் எவ்வளவு தூரம் தண்ணீருக்கு நடக்கிறார்கள், கடனுக்கு என்ன வட்டி கொடுக்கிறார்கள், பள்ளிக்கூடம் எந்நிலையில் இருக்கிறது என்று அளந்து எழுதினார். அக்கட்டுரைகள் 1996இல் நூலாயின. 2002இல் உத்தரப் பிரதேசத்தின் சித்திரகூட மாவட்டத்தில் தலித் பெண்களும் பிற எளிய குடிப் பெண்களும் ‘கபர் லஹரியா’ என்னும் பத்திரிகையைத் தாமே எழுதித் தாமே ஊர் ஊராகக் கொண்டு சென்று விற்றனர். 2009இல் யுனெஸ்கோவின் எழுத்தறிவுப் பரிசு அதற்குக் கிடைத்தது. கிராமத்தை எழுத நகரத்திலிருந்து ஆள் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பதை அப்பெண்கள் மெய்ப்பித்தனர்.

ஊரார் செய்யத்தக்கவை

இவற்றிலிருந்து நாம் பெறும் முடிவு ஒன்றே. கிராமத்தின் துன்பம் மெல்ல நகர்வது. மெல்ல நகர்வது கண்ணுக்குப் புலப்பட வேண்டுமாயின் தேதியும் அளவும் இட்டு எவரேனும் எழுதி வைக்க வேண்டும். அந்த எவரேனும் ஒருவர் ஊரிலேயே இருப்பவராதல் வேண்டும்.

முதலாவதாக, ஊர்க் குறிப்பேடு ஒன்று வைத்துக்கொள்க. ஊரின் நான்கு மூலைகளிலும் நான்கு கிணறுகளைத் தேர்ந்தெடுத்து, மாதந்தோறும் முதல் தேதியில் கயிறு விட்டு நீர்மட்டத்தை அளந்து எழுதுக. குடிநீர் வந்த நாள்களையும், வராத நாள்களையும், ஊர்ப் பேருந்து வராத நாள்களையும் குறிக்க. ‘தண்ணீர்ப் பஞ்சம் தலைவிரித்தாடுகிறது’ என்பது புலம்பல். ‘பிப்ரவரியில் 42 அடியில் இருந்த நீர் மே மாதத்தில் 61 அடிக்கு இறங்கிற்று’ என்பது செய்தி. முன்னதை எந்த நிருபரும் நூறு முறை கேட்டிருப்பார். பின்னதை அவர் குறித்துக்கொள்வார். நம் வட்டாரத்தில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் ஈராண்டுகள் இவ்வாறு அளந்து எழுதினார். அக்குறிப்பேட்டைக் கண்ட நிருபர் அதனையே செய்தியாக்கினார். அதிகாரிகள் வந்து பார்த்தனர்; வரத்து வாய்க்காலைத் தூர்வார மதிப்பீடு தயாராயிற்று. பணி முடிய மேலும் ஒரு கோடை கழிந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஆயினும் அது முடிந்தது.

இரண்டாவதாக, கிராம சபையைப் பயன்படுத்துக. 2022 முதல் நம் மாநிலத்தில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூட்டப்படுகிறது. குறையைத் தீர்மானமாக எழுதுக. தீர்மானத்தின் படியை வாங்கி வைத்துக்கொள்க. ஒருவர் சொல் ஒருவர் சொல்லாகவே நிற்கும்; சபையின் தீர்மானம் ஊரின் சொல்லாகும். மறுமொழி வராவிடில், 2005ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய்க் கட்டணத்துடன் விண்ணப்பித்துக் கேட்கலாம். 30 நாள்களுக்குள் விடை தர வேண்டும். தீர்மானம், மனு, மறுமொழி ஆகிய மூன்றும் தேதியுடன் இருந்தால் நிருபரின் வேலையில் பாதி முடிந்துவிடும்.

மூன்றாவதாக, செய்தி கொடுப்பவர் மெய்யையே கொடுக்க வேண்டும். ஓர் ஊரில் இருவருக்குக் காய்ச்சல் கண்டபோது, அலுவலர் விரைந்து வரட்டும் என்னும் எண்ணத்தில் ஒருவர் ‘மர்மக் காய்ச்சலால் ஊரே முடங்கியது’ என்று செய்தி கொடுத்துவிட்டார். மருத்துவக் குழு வந்தது உண்மைதான். ஆனால், பத்து நாள் அவ்வூர்ப் பாலை வெளியூரார் வாங்க மறுத்தனர். நிச்சயித்த திருமணம் ஒன்று தள்ளிப் போயிற்று. அடுத்த ஆண்டு அவ்வூரில் உண்மையாகவே நோய் கண்டபோது, அதனை நம்ப இரண்டு நாள் ஆயிற்று. மிகைப்படுத்திய செய்தி, அடுத்த மெய்ச் செய்தியின் வாயை அடைத்துவிடும்.

நான்காவதாக, செய்தி வந்ததோடு விட்டுவிடலாகாது. வந்த செய்தியை வெட்டிக் குறிப்பேட்டில் ஒட்டுக. பணி நடந்ததா என்பதை மூன்று மாதம் கழித்து அதே நிருபருக்கு எழுதித் தெரிவிக்க. நடந்திருந்தால் அதனையும் எழுதச் சொல்க. நன்மையை எழுதுவதும் செய்தியே. அலுவலர் தரப்பு நியாயம் ஏதேனும் இருப்பின் அதனையும் மறையாது சொல்க. இரு பக்கமும் சொல்லும் ஊரைப் பத்திரிகையும் நம்பும், அலுவலகமும் நம்பும்.

முடிவுரை

நகரத்தின் குறைகள் அச்சில் வரவேண்டா என்பது நம் கட்சி அன்று. சென்னையின் குழாயில் வரும் நீரில் பெரும்பகுதி ஏதோ ஓர் ஊரின் ஏரியிலிருந்தும் ஆற்றிலிருந்தும் வருகிறது. சிற்றூரின் கிணறு வற்றினால், அவ்வூர் இளைஞர் சென்று சேரும் இடம் நகரத்தின் குடிசைப் பகுதியே. ஆகவே, கிராமச் செய்தி என்றும் நகரச் செய்தி என்றும் நாம் பிரிப்பது ஒரே செய்தியின் முற்பகுதியையும் பிற்பகுதியையுமே. முற்பகுதியை எழுதாமல் விட்டால், பிற்பகுதி வரும்போது காலம் கடந்துவிடும். 1943இல் கடந்தது போல.

அடுத்த கிராம சபைக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கலாம். அதற்குள் ஒரு குறிப்பேடும், ஒரு கயிறும், ஒரு எழுதுகோலும் வாங்குவதற்கு எந்த நிதி ஒதுக்கீடும் தேவையில்லை. முதல் தேதியன்று முதல் கிணற்றை அளந்து முதல் வரியை எழுதுக. அவ்வரி உடனே எந்தத் தாளிலும் வராது. ஆனால், பன்னிரண்டு மாதம் கழித்து அதனை எவராலும் மறுக்க இயலாது.